மிதக்கும் மணல் ஃபிக்ஸ் ஆனது

விளையாட்டில் ஆர்வமுள்ளவள் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது. தாயம், கேரம் எதுவும் எனக்கு ஓடாது. சர்ச் பிக்னிக்கில் மியூசிக்கல் சேர் ஆரம்பித்தால், சாப்பாட்டு டப்பாக்களுக்குக் காவல் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வேன். அப்படிப்பட்ட நான் ஐம்பது வயதுக்கு மேல், ஆபீஸிலிருந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு, காபி டம்ளரோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சதுரம் சதுரமான ஓர் உலகத்தில் நடக்கப் போனேன் என்றால் அதற்குக் காரணம் என் மகன்.

அவனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. ஒரே பிள்ளை. நல்ல லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, பழைய கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்து மூலையிலேயே விட்டுவிட்டுப் போனான். அவன் சட்டைகளை மடித்துப் பீரோவில் வைத்தேன். புத்தகங்களைச் சர்ச்சில் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். இதை என்ன செய்வதென்று மட்டும் தெரியவில்லை. தூசி விழாமல் இருக்கட்டும் என்று ஒரு பழைய துப்பட்டாவால் மூடினேன். மூடியதும் பார்க்க அவ்வளவு நன்றாக இல்லை. வீட்டில் ஏதோ நடக்கக் கூடாதது நடந்துவிட்டது போல இருந்தது. துப்பட்டாவை எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டேன்.

ஒரு சாயங்காலம் அதை ஆன் செய்து பார்த்தேன். அவன் எப்போதும் விளையாடும் விளையாட்டு திரையின் நடுவிலேயே இருந்தது. அமுக்கினால், கடற்கரை ஓரத்தில் ஒரு மரக் குடிசைக்குள் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கட்டில், ஒரு பெட்டி, சுவரில் எரியும் ஒரு தீப்பந்தம். வெளியே வந்தால் புல், மரம், மலை எல்லாம் கட்டி கட்டியாக இருந்தன. ஆடுகூடச் சதுரமாகத்தான் இருந்தது. எதை வேண்டுமானாலும் உடைக்கலாம், உடைத்ததை வேறு இடத்தில் வைக்கலாம், வீடு கட்டலாம். ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. அது எனக்குப் பிடித்துப்போனது.

மகனிடம் போனில் சொன்னேன். அவனுக்கு ஒரே சிரிப்பு.

“மம்மி, நீயா விளையாடுற?”

“விளையாடல. சும்மா நடக்கறேன்.”

“மைனிங் பண்ணு மம்மி. கீழ தோண்டினா தங்கம் கிடைக்கும்.”

“உங்க தாத்தா தோண்டினது போதும்” என்றேன்.

நானும் என் வீட்டுக்காரரும் கோலார் தங்கவயல்காரர்கள். சுரங்கம் மூடிய பிறகு ரயிலில் பெங்களூருக்கு வந்து வந்து போய், கடைசியில் லிங்கராஜபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் நிலைத்துவிட்டோம். எனக்கு ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. சர்க்குலர் அடிப்பது, ஃபைல் பார்ப்பது, பெற்றோர்களிடம் வாக்குவாதம் செய்வது. அவர் வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மெண்டில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர். பெரும்பாலும் மதிய ஷிஃப்ட். நான் காலையில் கிளம்பும்போது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் திரும்பி வரும்போது அவர் மெட்ரோவைப் பிடித்துப் போயிருப்பார். அவர் வருவதற்குள் எனக்குத் தூக்கம் சொக்கும். ஹாட்பேக்கில் சப்பாத்தி இருக்கிறது என்று அரைத் தூக்கத்தில் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவரும் முழுதாக வீட்டில் இருப்போம். சண்டை போடுவதற்குக்கூட ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும்.

ஆகவே மகன் போன பிறகு என்னுடைய சாயங்காலங்கள் காலியாகிவிட்டன. அந்தக் குடிசையில்தான் நான் போய் உட்கார்ந்தேன். அவன் வைத்த கட்டில், அவன் வைத்த பெட்டி. பெட்டிக்குள் கொஞ்சம் கோதுமை, ஒரு கோடாலி, சில பந்தங்கள், என்னவென்று தெரியாத நாலைந்து கற்கள். அவன் அறை காலியாகிவிட்டது, இது காலியாகவில்லை. அவன் வைத்தது வைத்தபடி இருக்கும் ஒரே இடம் அதுதான் என்று நினைத்தேன். அதனால் எதையும் நான் உடைத்ததில்லை. நடப்பேன், பார்ப்பேன், திரும்பி வந்து அவன் கட்டிலில் படுத்து எழுந்து, கம்ப்யூட்டரை அணைப்பேன்.

இந்த விளையாட்டுக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. காசும் கிடையாது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள், அவரவர் வேலை போக மிச்ச நேரத்தில் சேர்ந்து எழுதுகிறார்கள் என்று மகன் சொன்னான். அதனால் சும்மா இருக்க மாட்டார்கள். கொஞ்ச நாளைக்கு ஒருமுறை புது வெர்ஷன் வந்துவிடும். என்னென்ன மாற்றினோம் என்று ஆங்கிலத்தில் நீளமாக ஒரு அறிவிப்பும் கூடவே வரும். விளையாடுகிறவர்கள் அதைப் படிப்பார்களோ என்னவோ, நான் ஒரு வரி விடாமல் படிப்பேன். சர்க்குலர் அடித்துப் பழகிய கண், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். ஆடுகள் இனி வேலிக்குள்ளிருந்து நழுவி வெளியே வராது. கதவைத் திறக்கும்போது ஆள் சுவருக்குள் மாட்டிக்கொள்வது இனி நடக்காது. தண்ணீரில் நீந்தும் வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது. கோதுமை இனி மெதுவாக வளரும்.

கோதுமை விஷயத்தில் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. குடிசைக்குப் பின்னால் மகன் போட்டிருந்த பாத்தியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றுவரை சீக்கிரம் விளைந்த பயிர் இன்றைக்கு முளையிலேயே நிற்கிறது.

“யாரைக் கேட்டு மாத்தினாங்க?” என்று மகனிடம் கேட்டேன்.

“பேலன்ஸ் பண்றாங்க மம்மி. ரொம்ப ஈஸியா இருக்கக் கூடாதுன்னு.”

“ஒரு நாளாவது வயல்ல இறங்கினவன் இப்படிப் பேலன்ஸ் பண்ணுவானா?”

அதற்குப் பிறகு புது வெர்ஷன் போடட்டுமா என்று திரையில் கேட்டால், அப்புறம் பார்க்கலாம் என்பதையே அமுக்கிவந்தேன். மகன் போனில் இருந்து சரி சொன்னால்தான் போடுவேன்.

அதற்கிடையில்தான் ஒரு பாலத்தைப் பார்த்தேன். குடிசைக்குப் பின்னால் ஒரு மலை இருந்தது. அதில் ஏறினால் வழுக்கிவிழுந்து சாவேன் என்ற பயத்தில் நெடுநாள் அந்தப் பக்கமே போகவில்லை. செத்தால் மறுபடி குடிசைக் கட்டிலில் எழுந்துவிடலாம்தான், இருந்தாலும் சாவு சாவுதானே. ஒரு நாள் தைரியம் வந்து சுற்றிப் போனேன். மலைக்கு அந்தாண்டை மறுபடி கடல். கடல் நடுவில் ஒரு சின்னத் தீவு. கரையிலிருந்து தீவு வரைக்கும் மஞ்சள் மணலில் ஒரு பாலம். நடுவில் கொஞ்சம் உயர்ந்து, அந்தப் பக்கம் மெல்ல இறங்கியது. கீழே தூண் இல்லை, தாங்கல் இல்லை, தண்ணீர் மட்டும்தான். நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாலம் தொடங்கும் இடத்தில் ஒரு பலகை. அதில் தமிழில், ‘தொடக் கூடாது’ என்று இருந்தது. அந்த விளையாட்டுக்குத் தமிழ் எழுத்து சரியாக வராது, கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. ஆனாலும் படிக்க முடிந்தது. பள்ளியில் கன்னடமும் இந்தியும் படித்த பிள்ளை, வீட்டில் நான் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவன், ‘க்’கைக்கூட விடாமல் எழுதியிருக்கிறானே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. போனில் பார்த்து எழுதியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே அவனைக் கூப்பிட்டேன். அவன் ரயிலில் இருந்தான், குரல் விட்டுவிட்டு வந்தது.

“டேய், மலைக்குப் பின்னாடி மணல்ல ஒரு பாலம் கட்டியிருக்கியே, தூணே இல்லாம? எப்படிடா நிக்குது?”

“அதுவா. அது ஒரு பக் மம்மி. அந்த ட்ரிக்ல நெறைய கட்டியிருக்கேன். தொட்டுடாத, விழுந்துரும்.”

விளக்கமும் சொன்னான். அந்த உலகத்தில் கல், மரம் எல்லாம் அந்தரத்தில்கூட நிற்கும். மணல் மட்டும் கீழே ஆதாரம் இல்லாவிட்டால் விழுந்துவிடும். ஆனால் ஒரு மரத்தின் இலைகள்மேல் மணலை வைத்துவிட்டு அடிமரத்தை வெட்டினால், இலைகள் மெல்ல மெல்லத் தானாகவே மறைந்துபோகும். இலை போனதை மணலிடம் யாரும் சொல்வதில்லை. அதனால் அது அப்படியே நிற்கும். பக்கத்தில் எதையாவது வைத்தாலோ எடுத்தாலோதான் மணல் கீழே பார்க்கும். பார்த்தால் விழுந்துவிடும். இதை எழுதியவர்கள் கவனிக்காமல் விட்ட ஓட்டை அது.

அப்படியென்றால் அந்தப் பாலத்துக்கு எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடலில் மண்ணைக் கொட்டித் திட்டு எழுப்ப வேண்டும், அதில் கன்று நட வேண்டும், மரமாகும்வரை காத்திருக்க வேண்டும், இலைகள்மேல் மணல் பரப்ப வேண்டும், கொஞ்சம் தள்ளி அடுத்த மரம், அதற்கும் தள்ளி இன்னொன்று. தீவு வரை மணல் பரப்பி முடித்த பிறகுதான் மரங்களை வெட்டி, திட்டுகளையும் தோண்டி எடுக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம் உட்காராதவனுக்கு இவ்வளவு பொறுமையா என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. பெற்ற பிள்ளையைப் பற்றி நமக்குத் தெரியாதது எவ்வளவு இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

அதன் பிறகு தினமும் அந்தப் பாலம்தான். மலையைச் சுற்றிப் போய், பாலத்தில் நடந்து, தீவில் கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வருவேன். என் மகனோடு நடந்துவிட்டு வந்த நிறைவு இருக்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவன் போன் செய்யாத நாட்களில் அந்த நடைதான் எனக்குப் போன்.

ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் சொல்வேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

“நல்லா இருக்கா?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கான்னு கேக்கறீங்களே. எஞ்சினியர்கூட இப்படிக் கட்ட மாட்டான். அவனுக்கு உங்க கை வரல, தப்பிச்சான். அதோ நீங்க அடிச்ச ஷெல்ஃபைப் பாருங்க, டப்பா வச்சா டப்பா நடந்து வருது.”

அவர் சிரித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். “அப்புறம்? தீவுக்குப் போனியா?” என்றார். நான் தீவைப் பற்றியும் சொன்னேன். வாரா வாரம் கேட்பார், வாரா வாரம் சொல்வேன். பேச வேறு விஷயம் இல்லாததால் கேட்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருமுறை பள்ளியில் யாரோ இறந்துபோனதற்கு அரை நாள் லீவு விட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது அவர் வேலைக்குக் கிளம்பாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தார்.

“இன்னா பண்றீங்க அதுல?”

“சும்னே பாத்துகினு இருந்தேன்.” அவர் சும்மாவைக் கன்னடத்தில்தான் சொல்வார்.

“பாக்கறேன்னு எதையாவது அழிச்சு வச்சுடாதீங்க. அவன் வச்சது வச்சபடி இருக்கணும். உங்களுக்கு இதெல்லாம் தெரியாது.”

“சரிம்மா” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாலத்தில் எனக்கு ஒரே குறை, இருட்டு. அந்த உலகத்தில் பகல் சீக்கிரம் முடிந்துவிடும். தீவிலிருந்து திரும்பும்போது இருட்டிவிட்டால் ஓரம் தெரியாது. கடலில் விழுந்து, நீந்தும் வேகத்தையும் அவர்கள் குறைத்துவிட்டதால் மூழ்கி, குடிசையில் எழுந்திருப்பேன். பாலத்தின் இரண்டு ஓரத்திலும் நாலைந்து பந்தம் வைத்தால் தீர்ந்தது. பெட்டியில் பந்தங்கள் இருந்தன. ஆனால் தொடக் கூடாதே. பந்தம் வைத்தால் மணல் கீழே பார்த்துவிடுமே. ஒவ்வொரு முறையும் கையில் பந்தத்தோடு பாலத்தின் முனைவரை போய், வைக்காமல் திரும்புவேன். பந்தம் வைப்பது வெளிச்சத்துக்காக மட்டும் இல்லை. அவன் கட்டியதில் நான் வைத்தது என்று ஒன்றாவது இருக்கட்டும் என்று ஓர் ஆசை.

அப்படி இருக்கும்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. மற்றதையெல்லாம் இனி இப்படி நடக்காது, இனி அப்படி ஆகும் என்று விளக்கி எழுதுகிறவர்கள், இதை மட்டும் மூன்று வார்த்தையில் முடித்திருந்தார்கள்: ‘ஃப்ளோட்டிங் சாண்ட் ஃபிக்ஸ்டு’. மிதக்கும் மணல் ஃபிக்ஸ் ஆகிவிட்டது.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தை எப்படிப் புழங்குகிறது என்று சொன்னால்தான் என் புத்தி போன வழி புரியும். என் வீட்டுக்காரருக்கு நாள் முழுக்க ஃபிக்ஸ்தான். ஃபேன் ஃபிக்ஸ், கீசர் ஃபிக்ஸ், கைப்பிடி ஃபிக்ஸ். போனில் ஆட்களிடம், “நல்லா ஃபிக்ஸ் பண்ணுப்பா, அசையக் கூடாது” என்பார். கல்யாணம் ஃபிக்ஸ் ஆனால் இனி மாறாது. தேதி ஃபிக்ஸ் ஆனால் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம். பாங்கில் ஃபிக்ஸட் போட்டால் தொட முடியாது. என் காதுக்கு ஃபிக்ஸ் என்றால் ஆடாமல் அசையாமல் நிற்பது. மிதந்துகொண்டிருந்த மணலை இவர்கள் புண்ணியம் கட்டிக்கொண்டு கெட்டியாக நிறுத்திவிட்டார்கள் என்று நான் படித்தேன். இத்தனை நாள் இவர்களைத் திட்டியதற்கு மனசுக்குள் மன்னிப்பும் கேட்டேன்.

அது ஒரு சனிக்கிழமை. அவர் யாருடனோ ஷிஃப்ட் மாற்றிக்கொண்டதால் வீட்டில் இருந்தார், சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மகனைக் கேட்காமல், முதல் தடவையாக நானே புது வெர்ஷனைப் போட்டேன். விளையாட்டைத் திறந்து, பந்தங்களை எடுத்துக்கொண்டு, மலையைச் சுற்றிப் போனேன். பாலம் நின்றது. பாதி வரை நடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இன்னும் நம்பிக்கை வந்தது. உச்சியில் நின்று, வலது ஓரத்தில் ஒரு பந்தத்தை வைத்தேன்.

அந்த மணல்கட்டி பந்தத்தோடு கீழே போனது. அதற்குப் பக்கத்தில் இருந்தது போனது. பிறகு இரண்டு பக்கமும் வரிசையாக, ஒன்றைப் பார்த்து இன்னொன்று, கரைப் பக்கமும் தீவுப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. நானும் தண்ணீரில் விழுந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது வானம்தான் இருந்தது. பலகை மட்டும் கரையில் நின்றது.

நான் கத்தவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அவர் கத்தியைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார். என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

“போச்சா?”

“எல்லாம் போச்சு. பந்தம் வைக்கப் போனேன். ஃபிக்ஸ்டுன்னு போட்டிருந்தான்.”

கத்தியை மேஜைமேல் வைத்தார். பிறகு, “சரி, விடு. மணல்தான?” என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. “உங்களுக்கு என்ன, எல்லாமே மணல்தான். என் புள்ள ஒவ்வொரு மரமா வளத்து கையால கட்டினது. உங்களுக்கு அதோட அருமை தெரியுமா?” என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் ஏர்போர்ட்டில் உள்ளே போகும்போதுகூட உங்கள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்றும் சொன்னதாக ஞாபகம். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சமையலறைக்குப் போய் மிச்ச பீன்ஸை நறுக்கி முடித்தார். அன்றைக்குப் பொரியலும் அவரே வைத்தார்.

மறுநாள் சர்ச்சிலிருந்து வந்ததும் மகனைக் கூப்பிட்டேன். குற்றவாளி மாதிரி நடந்ததைச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“மம்மி, ஃபிக்ஸ்டுன்னா கெட்டியா பண்ணிட்டாங்கன்னு இல்ல. மணல் அப்படி நிக்கறதுதான் பக். அத சரி பண்ணிட்டாங்க. இனிமே இலை போனா மணலும் விழுந்துரும்.”

“நின்னது தப்பாடா?”

“ஆமா மம்மி. அது விழணும். அதுதான் ரூல்.”

“நீ கட்டினது எல்லாம் போச்சுடா.”

“அழாத. நான் கிளம்பறப்ப அந்த வேர்ல்ட முழுசா காபி பண்ணி எடுத்துட்டு வந்திருக்கேன். இரு, தேடறேன். அத அனுப்பறேன், பழைய வெர்ஷனும் போட்டுத் தரேன். பாலம் திரும்ப வந்துரும்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் லேப்டாப்பைத் திறக்கும் சத்தம், தட்டும் சத்தம் எல்லாம் கேட்டது. நான் போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தேன்.

“மலைக்கு எந்தப் பக்கம் மம்மி?”

“பின்பக்கம். சுத்திப் போ. எதிர்ல தீவு தெரியும்.”

“தீவு இருக்கு. பாலம் இல்லையே.”

“சரியாப் பாரு. மஞ்சளா இருக்கும்.”

“இல்ல மம்மி. கடல்தான் இருக்கு. பலகையும் இல்ல. நான் இந்தப் பக்கமே வந்ததில்ல போல.”

“நான் கேட்டப்ப நீதான் கட்டினேன்னு சொன்ன?”

“நான் கட்டினதுல ஏதோ ஒண்ண நீ சொல்றேன்னு நெனச்சேன். ட்ரெயின்ல இருந்தேன், ஒண்ணும் சரியா கேக்கல. இது நான் வந்தப்புறம் கட்டினது மம்மி. டாடியா இருக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி அந்த மணல் ட்ரிக்க அவருக்குக் காமிச்சேன். கீழ ஒண்ணும் இல்லாம எப்படி நிக்குதுன்னு திரும்பத் திரும்பக் கேட்டுட்டே இருந்தார்.”

லைன் கட்டாகிவிட்டதோ என்று அவன் இரண்டு முறை ஹலோ சொன்னான். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

அவர் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அது அவர் வேலை. படியேறும்போது கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டு போனேன். மேலே போனதும் ஒன்றுதான் வாயில் வந்தது.

“அந்தப் பாலம் நீங்க கட்டினதா?”

அவர் என் சுடிதாரை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினார். “ஆமா” என்றார்.

“எப்போ?”

“காலைல, நீ போனதுக்கப்புறம். மரம் வளரணும் இல்ல, ரொம்ப நாள் ஆச்சு.”

“எதுக்கு?”

“அவன் போனப்புறம் வீட்ல ஒக்கார முடியல. நீயும் ஆபீஸ் பூடற. அவன் காமிச்சான் இல்ல, சும்னே பண்ணிப் பாக்கலாம்னு ஒக்காந்தேன். அப்படியே போய்கினே இருந்துச்சு.”

ஏர்போர்ட்டைப் பற்றி நேற்று நான் சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும். பக்கெட்டிலிருந்து அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் என் கால்மேல் தெறித்தது, நகர்ந்து நின்றுகொண்டேன்.

“வாரா வாரம் அவன் கட்டினது அவன் கட்டினதுன்னு உங்க எதிர்லயே பேசினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?”

“கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.”

“நேத்து அவ்வளவு திட்டினேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்.”

அவர் பெட்ஷீட்டை எடுத்து ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கினோம். பிழிந்ததை விரித்துக் கொடியில் போட்டோம். பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார், முகம் தெரியவில்லை.

“அவன் பழைய வெர்ஷன் போட்டுத் தரேன்றான். திரும்பக் கட்டுங்க” என்றேன். “நான் தொட மாட்டேன்.”

அந்தப் பக்கத்திலிருந்து அவர் கேட்டார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது.

“நான் கட்டினதுன்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா, நீ தெனமும் போயிருப்பியா?”

போயிருக்க மாட்டேன். ஒருமுறை எட்டிப் பார்த்து, இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று கேட்டிருப்பேன். நான் கிளிப்பைத் தேடுவதுபோலக் குனிந்தேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அடுத்த துணியை எடுத்தார்.